ஒஸ்டின் என்றொரு குடும்பப் பெயர்

திருக்கோணமலை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, கடலை நோக்கி நிற்கும் மலையுச்சியிலே கோயில் கொண்ட கோணேசப் பெருமான். மற்றொன்று, பல நாட்டுக் கடற்படைகள் போட்டியிட்டுக் கைப்பற்றிய இயற்கைத் துறைமுகம். இவ்விரண்டையும் காண வருவோர் பலர். ஆனால், பிரெட்ரிக் கோட்டைக்கு அண்மையில், முற்றவெளியை அடுத்திருக்கும் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து பார்ப்போர் மிகச் சிலரே. அங்கே தாய்நாட்டுக்குத் திரும்பிச் செல்லாத ஆங்கிலேயர் பலர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.

அவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் ஜோன் ஒஸ்டின். 1779ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாம்ஷயர்ப் பகுதியிலுள்ள ஸ்டீவன்ரன் என்ற சிற்றூரிற் பிறந்தவர். சிறு வயதிலேயே கடற்படையிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, ரியர் அட்மிரல் என்னும் பதவியை எய்தினார். 1850ஆம் ஆண்டிற் கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிகளுக்குத் தலைமைத் தளபதியானார். இரண்டாம் பர்மியப் போர் நடந்த 1852ஆம் ஆண்டில், ஐராவதி ஆற்றிலே ‘புளூட்டோ’ என்ற கப்பலில் இருந்தபோது வாந்திபேதி நோய் அவரைப் பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் நாள், தமது 73ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். அவருடைய உடல் திருக்கோணமலை மண்ணிலே அடக்கமாயிற்று.

தளபதிகள் எத்தனையோ பேர் வந்தனர், போயினர். இவரை மட்டும் இன்று தேடி வருவார் இருப்பதற்குக் காரணம் அவருடைய பதவியன்று, அவருடைய தமக்கை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்ற நாவலை எழுதிய ஜேன் ஒஸ்டினே அந்தத் தமக்கை. ஆங்கில இலக்கியம் கற்கும் மாணவர் அனைவரும் அறிந்த பெயர் அது. அப்பெயரின் பிற்பகுதியாகிய ‘ஒஸ்டின்’ என்பது என்ன? அது எங்கே பிறந்தது? எவ்வழியாக இங்கு வந்து சேர்ந்தது? இவற்றை ஆராய்வது ஆங்கிலேயரைப் பற்றி மட்டுமன்றி, நம்மைப் பற்றியும் சில உண்மைகளை உணர்த்தும்.

குடும்பப் பெயர் தோன்றிய வகை

ஆங்கிலேயருக்கு ஆதியில் குடும்பப் பெயர் இருந்ததில்லை. நம்மைப் போலவே ஒருவர்க்கு ஒரு பெயரே வழங்கியது. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், வில்லியம், ஜோன், ரொபேட் முதலிய சில பெயர்களே நாடெங்கும் பரவின. ஓர் ஊரிலே பத்து ஜோன்கள் இருந்தால் வரி தண்டுவோன் யாரை அழைப்பான்? ஆகவே பெயரோடு ஓர் அடையாளத்தைச் சேர்த்தனர். நிலத்தைத் தந்தையிடமிருந்து மகன் பெறும்போது அந்த அடையாளத்தையும் சேர்த்துப் பெற்றான். ஏறக்குறைய 1400ஆம் ஆண்டளவில், பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் அது பரம்பரைச் சொத்தாக நிலைத்துவிட்டது. 1538ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோயிற் பற்றிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியவேண்டுமென அரசு ஆணையிட்டது. பெயர் ஏட்டில் ஏறிய பின் அதனை மாற்றுதல் எளிதன்று.

இவ்வாறு தோன்றிய பெயர்களை நான்கு வகையாகப் பிரிப்பர். தந்தை பெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, இடத்தால் வந்தவை, உருவம் அல்லது குணம் பற்றிய பட்டப்பெயரால் வந்தவை என்பன அவை. இவற்றிற்கு உதாரணம் தேடி நாம் இலண்டனுக்குப் போகவேண்டியதில்லை. திருக்கோணமலைச் சரித்திரத்திலேயே காணலாம். 1782ஆம் ஆண்டிலே இத்துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானுடன் பொருத ஆங்கிலத் தளபதி ஹியூஸ் என்பவர். ‘ஹியூவின் பிள்ளை’ என்பதே அச்சொல்லின் பொருள். இளமையிலே கீழைக் கடல்களிற் பயணஞ் செய்த நெல்சனின் பெயரும் அத்தகையதே. அதன் ஈற்றிலுள்ள ‘சன்’ மகன் என்று பொருள்படும். துறைமுகக் குன்றிலுள்ள ஹூட் கோபுரத்தின் பெயரில் இருக்கும் ‘ஹூட்’ தலையை மூடும் முக்காட்டுத் துணி. அதைத் தைத்தவனோ, எப்போதும் அணிந்து திரிந்தவனோ அப்பெயரைப் பெற்றான். 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிலே கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்நாட்டிற் கழித்து, பின்பு இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ரொபேட் நொக்ஸை நாம் அறிவோம். ‘நொக்ஸ்’ என்பது குன்று எனப் பொருள்படும் ஸ்கொத்லாந்து மொழிச் சொல்லின் வழி வந்தது.

சங்க காலத்துப் புலவர் பெயர்களை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வகைகள் புதியன அல்ல. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது ஊரும் உண்டு, தந்தையின் தொழிலும் உண்டு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். ஈழத்துப் பூதன்தேவனார் நம் நாட்டின் பெயரையே தாங்கியவர். அடைமொழி சேர்த்து ஒருவரை வேறுபடுத்தும் வழக்கம் நம்மிடம் ஆங்கிலேயரினும் முந்தியே இருந்தது. ஆனால் அவ்வடைமொழி அவரோடு நின்றது. சாத்தனாரின் பேரன் ‘கூலவாணிகன்’ என்ற பெயரைச் சுமக்கவேண்டும் என்ற விதி இல்லை. ஆங்கிலேயர் அதனைப் பேரனுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் உரிய சொத்தாக்கினர். வேறுபாடு இவ்வளவே.

உரோமாபுரியிலிருந்து கெண்ட் வரை

இனி ஒஸ்டினுக்கு வருவோம். இது தந்தை பெயரால் வந்த வகையைச் சார்ந்தது. என்றோ ஒரு காலத்தில் ‘ஒஸ்டின்’ என்ற பெயருடைய ஒருவன் இருந்தான். அவன் மக்கள் அப்பெயரால் அறியப்பட்டனர். ‘ஒஸ்டின்’ என்பதோ ‘அகுஸ்தீன்’ என்பதன் திரிபு. அகுஸ்தீனுக்கு மூலம் ‘அகுஸ்துஸ்’ என்ற இலத்தீன் சொல். வணக்கத்துக்குரியவர், மேன்மை மிக்கவர் என்பது அதன் பொருள். கி. மு. 27ஆம் ஆண்டில் உரோமாபுரியின் முதற் பேரரசனுக்கு வழங்கிய பட்டம் அது. நம் நாட்காட்டியிலுள்ள ஓகஸ்ட் மாதமும் அவன் பெயராலேயே வந்தது.

பட்டம் சாதாரண மக்களின் பெயராக இறங்கி வந்தது. அப்பெயரைத் தாங்கியவருள் இருவர் கிறிஸ்தவ உலகிற் சிறந்தனர். ஒருவர் 354ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிற் பிறந்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போ நகரில் ஆயராயிருந்து, 430ஆம் ஆண்டில் மறைந்த ஞானி. மற்றவர், பாப்பரசரால் அனுப்பப்பட்டு 597ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்ட் கரையில் இறங்கிய துறவி. கெண்ட் அரசன் அவரை ஏற்றான்; அவர் கன்ரபரியின் முதற் பேராயர் ஆனார். இவ்விருவர் பெயரையும் மக்கள் தம் பிள்ளைகளுக்கு இட்டனர்.

நீண்ட பெயர் நாவிலே குறுகுதல் எங்கும் இயல்பு. சுப்பிரமணியம் நம் வீடுகளிலே ‘சுப்பு’ ஆகவில்லையா? பிரெஞ்சு மொழி பேசியோர் வாயில் நடு எழுத்து உதிர்ந்து, அகுஸ்தீன் ‘ஒஸ்டின்’ ஆயிற்று. அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவிகளை ஆங்கிலேயர் ‘ஒஸ்டின் துறவிகள்’ என்றே அழைத்தனர்; இலண்டனில் அப்பெயருடைய இடம் இன்றும் உண்டு. எழுதும்போது ஒருவர் ஈற்றில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தையும் மற்றொருவர் ‘ஈ’ என்ற எழுத்தையும் இட்டனர். எழுத்து நிலைபெறாத காலத்தில் எழுதுவோன் விருப்பமே விதி. ஆகவே, நம் தெருக்களிலே ஒரு காலத்தில் ஓடிய ஒஸ்டின் காரின் பெயரும் ஜேன் ஒஸ்டினின் பெயரும் வேர் ஒன்றே, குடும்பந்தான் வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் துறைமுக வாயிலில் ‘ஒஸ்டன்பேர்க்’ என்ற கோட்டை இருப்பதால், அதற்கும் ஒஸ்டினுக்கும் உறவு இருக்குமோ எனச் சிலர் மயங்கக்கூடும். உறவு எதுவுமில்லை. அது ஒல்லாந்தர் இட்ட பெயர். ‘ஓஸ்ட்’ என்றால் அவர் மொழியிற் கிழக்கு. ஆம்ஸ்டர்டாம் நகரிலே அவர்தம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் தளம் இருந்த தீவுக்கும் அதே பெயர். ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கூறுதல் பெயராராய்ச்சியிற் பெரும் பிழை.

கெண்டில் இறங்கிய துறவியின் பெயர் கெண்ட் மக்களிடம் வேரூன்றியதில் வியப்பில்லை. கோணேசர் கோயில் கொண்ட இவ்வூரிலே கோணேசன், கோணேஸ்வரன், கோணேஸ்வரி என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு ஒலிக்கவில்லையா? அஃது எவ்வாறோ இதுவும் அவ்வாறே. நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் அகுஸ்தீன் என்று பெயரிடுவர். ஆகவே ஒரே பெயர் இரு வழியாக இத்துறைமுகத்துக்கு வந்தது. ஞானப்பெயராக முழுமையுடன் ஒன்று, குடும்பப் பெயராகக் குறுகி மற்றொன்று.

பெயரைக் காத்த விதவை

ஜேனின் முன்னோர் கெண்ட் பகுதியில், ஹோர்ஸ்மண்டன் என்ற ஊரையடுத்து வாழ்ந்த கம்பளித் துணி வணிகர். நம் அறுவை வாணிகனாருக்கு ஒப்பானவர். செல்வம் வளர்ந்தது, நிலமும் சேர்ந்தது. ஆனால் 1704ஆம் ஆண்டில் அக்குடும்பத்தில் ஜோன் ஒஸ்டின் என்பவர் கடன்களை விட்டுவிட்டு இறந்தார். அவர் மனைவி எலிசபெத், வெல்லர் என்ற குடும்பத்திற் பிறந்தவள். அவளுக்கு ஆண்மக்கள் அறுவர், பெண் ஒருத்தி. மாமனார் மறுவருடம் இறந்தபோது, சொத்தெல்லாம் மூத்த பேரனுக்கே சேருமாறு ஏற்பாடு செய்திருந்தார். மற்றைய பிள்ளைகளுக்குப் பெயர் இருந்தது. வேறு பற்றுக்கோடு இல்லை.

எலிசபெத் மனந்தளரவில்லை. வீட்டுப் பொருள்களை விற்றுக் கணவனின் கடனைத் தீர்த்தாள். பிறகு செவனோக்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தாள். அங்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதனருகே பெரிய வீடொன்றை எடுத்து, ஆசிரியரையும் மாணவரையும் தங்கவைத்து உணவளித்தாள். அதற்கு ஈடாகத் தன் பிள்ளைகளுக்குக் கல்வியைப் பெற்றாள். தான் செய்த செலவையும் அதற்கான காரணத்தையும் தன் கைப்பட எழுதியும் வைத்தாள். 1721ஆம் ஆண்டில் அவள் இறந்தபோது, சொத்தில்லாத பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியிருந்தனர். பிரான்சிஸ் வழக்கறிஞரானான். வில்லியம் சத்திர வைத்தியனானான். ஸ்டீபன் இலண்டனிற் புத்தக வணிகனானான்.

வில்லியத்தின் மகன் ஜோர்ஜ் 6 வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தான். அவனைப் படிக்கவைத்தவர் வழக்கறிஞரான பெரிய தந்தை பிரான்சிஸ். ஜோர்ஜ் ஒக்ஸ்போர்டிற் கற்றுத் தேறி, ஸ்டீவன்ரனிற் பங்குக் குருவானார். அவருக்கு மக்கள் எண்மர். ஏழாவது ஜேன், எட்டாவது சார்ள்ஸ்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒஸ்டின் என்பது எலிசபெத்தின் பிறந்த வீட்டுப் பெயரன்று, மணத்தால் வந்தது. பெயர் ஆண்வழியிற் சென்றதாக ஏடு காட்டுகின்றது. அப்பெயர் வறுமையில் மறைந்துபோகாமல் காத்தவளோ வெல்லர் குடும்பத்துப் பெண். குடும்பப் பெயர் என்ற ஏற்பாட்டிலே அவள் பிறந்த பெயருக்கு இடமேயில்லை.

மாறிய பெயரும் மறைந்த பெயரும்

பரம்பரைப் பெயர் மாறாதது என்று எண்ணுவோம். சொத்துக்கு முன் அதுவும் மாறும். ஜேனின் அண்ணன் எட்வர்ட்டை, மக்கட்பேறில்லாத செல்வந்த உறவினரான நைட் தம்பதியர் தம் வாரிசாக்கினர். 1812ஆம் ஆண்டில் எட்வர்ட்டும் அவர் பிள்ளைகளும் ஒஸ்டின் என்ற பெயரை விடுத்து நைட் என்ற பெயரைப் பூண்டனர். அந்தச் சொத்தோடு வந்த பெயரும் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கவில்லை. வாரிசாக்கியவரின் தந்தை புரொட்னக்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர். ஒரு சொத்துக்காக 1727ஆம் ஆண்டில் ‘மே’ ஆனார்; மற்றொரு சொத்துக்காக 1738ஆம் ஆண்டில் ‘நைட்’ ஆனார்.

இத்தகைய பெயர் மாற்றத்தின் சான்று நம் கோட்டைக்குள்ளும் இருக்கின்றது. பிற்காலத்திலே வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆதர் வெல்லஸ்லி 1800ஆம் ஆண்டில் திருக்கோணமலைக்கு வந்தார். அவர் தங்கிய வீடு பிரெட்ரிக் கோட்டையில் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் ‘வெஸ்லி’ என்றே எழுதப்பட்டது. 1798ஆம் ஆண்டில் அது ‘வெல்லஸ்லி’ ஆயிற்று. அந்த வெஸ்லி என்பதும் அவருடைய பாட்டனார், உறவினர் ஒருவரின் சொத்தோடு ஏற்றுக்கொண்ட பெயர்தான்.

ஜேனுக்கோ பெயர் வேறுவிதமாக விளையாட்டுக் காட்டியது. சிறுமியாக இருந்தபோது, தந்தையின் திருமணப் பதிவேட்டிலே, தனக்குக் கற்பனைக் கணவர் மூவரை எழுதி வைத்தாள். முதலிருவரும் நீண்ட, பெருமை மிக்க பெயருடையோர். மூன்றாமவன் வெறும் ஜாக் ஸ்மித். மணமானாற் பெண்ணின் பெயர் மாறும் நாட்டில், எந்தப் பெயர் தனக்கு வாய்க்குமோ என்று ஒரு சிறுமி எண்ணிப் பார்த்த வேடிக்கை அது. ஆனால் அவள் மணஞ்செய்யவில்லை. கடைசிவரை ஒஸ்டினாகவே இருந்தாள். 1809ஆம் ஆண்டில் அண்ணன் எட்வர்ட், நைட் குடும்பச் சொத்தைச் சேர்ந்த சோட்டன் என்ற ஊரிலே தாயும் தங்கையரும் வாழ ஒரு வீடு கொடுத்தார். அந்த வீட்டில் இருந்துதான் ஜேன் தன் நாவல்களைத் திருத்தியும் புதிதாக எழுதியும் வெளியிட்டார். ஒஸ்டின் என்ற பெயரை விட்டவர் கொடுத்த கூரையின் கீழேதான் அப்பெயர் அழியாப் புகழ் பெற்றது.

அப்புகழும் உடனே வந்ததன்று. 1811ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நாவலின் முகப்பிலே ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்ற பொருள்படும் சொற்களே இருந்தன. அவர் உயிரோடிருந்தவரை எந்த நூலிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. 1817ஆம் ஆண்டு யூலையில் அவர் இறந்து, வின்செஸ்டர்ப் பேராலயத்தில் அடக்கமானார். அந்தக் கல்லிலே பெயர் உண்டு. நாவல் எழுதியவர் என்ற குறிப்பு இல்லை. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த கடைசி நாவல்களின் முன்னுரையில், அண்ணன் ஹென்றியே அவர் யாரென்பதை உலகுக்கு அறிவித்தார்.

தம்பி சார்ள்ஸோ ஆணாகப் பிறந்ததால், பெயர் ஏடுகளில் ஏறியது, பதவி வந்தது, தளபதியாக இறந்தார். 1801ஆம் ஆண்டில் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்திலே, தமக்கையர் இருவர்க்கும் புட்பராகக் கல் பதித்த சிலுவையும் சங்கிலியும் வாங்கிக் கொடுத்த அன்புள்ள தம்பி அவர். அந்த நிகழ்ச்சியின் சாயலை ஜேன் தமது ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலிலே அமைத்தார். இன்று அவர் கல்லறையைத் தேடி வருவோர், “ஜேனின் தம்பி இவர்” என்றே அறிமுகப்படுத்துகின்றனர். தலைமைத் தளபதிக்குத் தமக்கையின் பெயரே அடையாளமாயிற்று.

நம் பெயர்கள்

இவ்வரலாற்றால் நமக்கு வரும் பயன் யாது? நம் வழக்கிலே தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகும். கந்தையாவின் மகன் சிவஞானம். சிவஞானத்தின் மகன் கோணேஸ்வரன். மூன்றாம் தலைமுறையிலே கந்தையா மறைந்துவிடுவார். மணமான பெண் தந்தையின் எழுத்தை விட்டுக் கணவனின் எழுத்தை ஏற்பாள். இதனால் நம் குடும்பங்களுக்கு ஒரே பெயர் நெடுங்காலம் தொடர்வதில்லை. பூட்டனாரின் பெயர் கேட்டாற் பலர் விழிப்பது இதனாலேயே.

1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பெருந்தொகையாக இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ எனப் பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நிரப்பவேண்டிய படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயரைக் கேட்டன. நம்மவர் தந்தை பெயரை எழுதினர். சிலர் தம் பெயரையே எழுதினர். பிள்ளைகள் அதைத் தொடர்ந்தனர், பேரப்பிள்ளைகளும் தொடர்கின்றனர். கந்தையா என்றோ கோணேஸ்வரன் என்றோ ஒருவருக்கு இட்ட பெயர், அந்நாட்டு ஏடுகளிலே ஒரு குடும்பத்தின் நிரந்தரப் பெயராகிக்கொண்டிருக்கின்றது. அகுஸ்தீன் என்ற யாரோ ஒருவனின் பெயர் ஒஸ்டின் குடும்பமாக மாறியதும் இவ்வாறே. ஆங்கிலேயர்க்குச் சில நூற்றாண்டுகளில் நடந்தது, நமக்கு ஒரு தலைமுறைக்குள் நடக்கின்றது.

இதனை நல்லதென்றோ தீயதென்றோ ஒரு சொல்லில் தீர்ப்பது சரியன்று. முதலெழுத்து முறை தந்தைக்கு மேற்பட்டோரை மறக்கச் செய்கின்றது. குடும்பப் பெயர் முறை ஒருவரை மட்டும் நினைவில் நிறுத்தி மற்றெல்லோரையும் மறைக்கின்றது. இரு முறையிலும் இழப்புக்குள்ளாவோர் பெண்களே. எலிசபெத் வெல்லரை இன்று நாம் அறிவதற்குக் காரணம் அவள் பெயர் தொடர்ந்தமையன்று. அவள் தன் வரலாற்றைத் தன் கையால் எழுதி வைத்தமையும், பிள்ளைகளும் பேரர்களும் அந்தத் தாளைப் பாதுகாத்தமையுமே.

போரிலும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையிலும் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பல, பிறப்புப் பத்திரமும் சாதகக் குறிப்பும் உறுதியும் இழந்தன. ஏட்டிலே அழிந்தவை முதியோர் நினைவிலே இன்னும் எஞ்சியிருக்கின்றன. அம்முதியோரும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகின்றனர்.

ஆதலின், இதனைப் படிக்கும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள பெரியோரிடம் அமர்ந்து, பாட்டனாரின் பெயரோடு பாட்டியாரின் பெயரையும், அப்பாட்டியாரைப் பெற்ற தாயின் பெயரையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பதையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடல் கடந்து வாழும் உறவினர்க்கும் அதன் பிரதியை அனுப்புங்கள். அங்கே தம் பெயரின் பிற்பகுதிக்குப் பொருள் கேட்கும் ஒரு பிள்ளைக்கு, அந்தக் கொப்பி என்றாவது பயன்படும்.